உனக்காகக் கை தூக்கியவர்கள்

கோமதி,

தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தொலைபேசியில் உன்னிடம் எதைச் சொல்ல முடிகிறது? நான் வாயைத் திறந்ததும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். நீ சரி என்றால் கேட்டுக்கொண்டாய் என்று பொருளில்லை, சீக்கிரம் முடி என்று பொருள். உன்னைப் பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது? கடிதம் என்றால் நீ எத்தனை சரிம்மா போட்டாலும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அதனால் எழுதுகிறேன். மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே. அறைக்குப் போய், எதையாவது சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன செய்தியின் முதல் பாதி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். நீயும் உன்னோடு வேலை செய்யும் சுரேஷும் ஃபாத்திமாவும் அந்த விளம்பர நிறுவனத்தை விட்டு விலகி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை எடுத்து, கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா அறிவிப்பும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுக்கும் சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கிறீர்கள், வரும் சனிக்கிழமை வக்கீல் முன்னால் கையெழுத்து என்றாய். நல்லது. பிறகு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். யாரம்மா தலைமை?

"சுரேஷ்தான்மா. அவனுக்குத்தான் நல்லா பேச வரும்."

"அப்ப நீ?"

"நான் வேலயப் பாத்துக்குறேன். யாரு பேர்ல இருந்தா என்னம்மா, எல்லாம் ஒண்ணுதான் லா."

அதற்குமேல் நான் பேசவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், உனக்குத் தெரியும். உடனே "அம்மா லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாய். இருந்தேன். எங்கே போகப்போகிறேன்?

சுரேஷ் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வருடம் வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த பிள்ளை. என் கோபமெல்லாம் உன் மேல்தான். கம்பெனி என்ற யோசனை உன்னுடையது. உங்களைத் தேடி வரப்போகிற வாடிக்கையாளர்கள் இப்போதே உன் பெயரைச் சொல்லித்தான் அந்த அலுவலகத்துக்கு வருகிறார்கள். ஃபாத்திமா நல்ல வேலையை விடுவது உன் வார்த்தையை நம்பி. இதெல்லாம் நீயே என்னிடம் சொன்னது. எல்லாவற்றையும் நீயே கட்டிவிட்டு, நாற்காலியை மட்டும் பக்கத்தில் இருப்பவனிடம் நகர்த்தி விடுகிறாய். இது உனக்கு முதல் தடவை இல்லை. நீ மறந்திருப்பாய். இந்தப் பண்டமாரான் வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நான் மறக்கவில்லை.

நீ பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படித்த வருடம். உங்கள் வணிகவியல் ஆசிரியர், மாணவர்களே ஒரு சிறு தொழிலை ஒரு வருடம் நடத்திப் பார்க்க வேண்டும், தலைவரையும் பொறுப்புகளையும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், நான் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்ன தொழில் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம்தான் நீயும் நானும் கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குத் தீபாவளி வாழ்த்து அட்டை வாங்கப் போனோம். கடையில் இருந்ததெல்லாம் ஆங்கில அட்டை. தமிழில் இருந்த சிலவும் இந்தியாவிலிருந்து வந்தவை, சிவப்பு ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் நகர்ந்து, அம்மன் முகத்தில் நான்கு கண். நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கடையில் நின்றுவிட்டாய். "ஏம்மா, இத நாமளே செய்யலாம்தானே?" என்றாய். பின்னால் ஆள் நிற்கிறார்கள், முதலில் நகரு என்றேன். பஸ்ஸில் வீடு வரும்வரை விடவில்லை. மரச் சட்டத்தில் பட்டுத் துணி கட்ட வேண்டும், ரப்பர் பட்டையால் சாயத்தை இழுக்க வேண்டும், ஒரு நிறம் காய்ந்த பிறகு அடுத்த நிறம் என்று ஓவியக் கழகத்தில் கற்றதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். முன் இருக்கையில் இருந்த சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்போது உன் முகத்தைப் பார்த்த எவரும் யார் தலைவர் என்று வாக்கெடுப்பு வைக்க மாட்டார்கள்.

ஆனால் நீங்கள் வைத்தீர்கள். நம் வீட்டு ஹாலில். ஜெஞ்சாரோமிலிருந்து பஸ்ஸில் வரும் லதா, கேரி தீவுத் தோட்டத்திலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் வரும் தேவா, கிள்ளானில் பெரிய வீட்டுப் பிள்ளையான ஜெகன், நீ. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள், பெயர்கூட எனக்கு நினைவில்லை. நான் மருத்துவமனையில் காலை வேலை முடிந்து வந்து, தாதி உடையைக்கூட மாற்றாமல் உங்களுக்கு வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் எல்லாம் கேட்டது.

லதாதான் முதலில் சொன்னாள். அதிகம் பேசாத பெண் அது, படம் மட்டும் பிரமாதமாக வரையும். "ஐடியா கோமதியோடது. அவளே இருக்கட்டும்."

"ஐயோ, நான் வேணாம் லா," என்றாய் நீ, தேள் கொட்டியதுபோல. "ஜெகன் இருக்கட்டும். டிபேட்ல எல்லாம் கோப்பை வாங்கியிருக்கான். அவனுக்குத்தான் நல்லா பேச வரும்."

"எனக்கு இந்த பிரிண்டிங் பத்தி ஒண்ணுமே தெரியாதே," என்றான் ஜெகன். பாவம், உண்மையைத்தான் சொன்னான்.

"தெரியாட்டி என்ன? நான் சொல்லித் தரேன்."

தெரியாதவனுக்குத் தெரிந்தவள் சொல்லிக் கொடுப்பாளாம், பிறகு தெரிந்தவளுக்குத் தெரியாதவன் உத்தரவு போடுவானாம்! இந்த ஏற்பாட்டுக்கு எல்லோரும் கை தூக்கினீர்கள். அப்புறம் பதவிகளைப் பிரித்தீர்கள். நிர்வாக இயக்குநர், விற்பனை மேலாளர், தயாரிப்பு மேலாளர், விளம்பர மேலாளர் என்று ஒரு துறைமுகத்தையே நடத்தலாம் போல இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று உன்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் தட்டோடு வெளியே வந்து, "எல்லாம் சரி, அந்தச் சாயச் சட்டத்த யாரு கழுவுறது?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ஆன்டி," என்றான் ஜெகன். யார் அப்புறம் பார்த்துக்கொண்டது? பள்ளி விட்டு வந்து பின்வாசலில் குந்தி உட்கார்ந்து தின்னர் ஊற்றித் தேய்த்தது யார்? சோற்றைப் பிசைந்தால் உன் விரலிலிருந்து தின்னர் வாசனை எனக்கு அடித்தது.

வீடு இரண்டு மாதம் வீடாக இல்லை. ஹாலின் குறுக்கே கயிறு கட்டித் துணி கிளிப்பில் அட்டைகளைத் தொங்கவிட்டீர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வரும் உன் அப்பா தன் வீட்டுக்குள் கூனிக்கொண்டு நடந்தார். ஒருநாள் ஈரமான அட்டை ஒன்று அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, 'இனிய தீபாவளி' என்று முதுகில் ஏந்தியபடியே வேலைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்ல, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே, என்ன மரியாதையான ஆட்கள் என்று மனிதர் நினைத்துக்கொண்டாராம். அதற்கெல்லாம் நாங்கள் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருப்பேன், ஆனால் தடுக்கவில்லை.

ஜெகனைக் குறை சொல்லக்கூடாது, அவனுக்கு உண்மையிலேயே பேச வரும். தெங்கு கிளானா சாலையில் அதே கடைக்குப் போய், முதலாளியிடம் பேசி, வாசலிலேயே நிற்கும் அட்டைத் தட்டு முழுவதையும் உங்களுக்கு வாங்கிவிட்டான். நாலு வகைப் படம், எல்லாவற்றிலும் தங்கச் சாயம், இன்ன தேதிக்குள் என்று வாக்கும் கொடுத்துவிட்டான். ஹாலில் ஒரே கைதட்டல். நீ தட்டவில்லை. தண்ணீர் எடுக்க வருவதுபோல அடுப்படிக்கு வந்து, "முடியாதும்மா. மழ காலம். தங்கச் சாயம் சாதாரண நாள்லயே காயாது," என்றாய்.

"அத அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

"எவ்ளோ ஆசையா பேசிட்டு வந்திருக்கான். எப்படிம்மா சொல்றது?"

எப்படிச் சொல்வதாம்! வாயைத் திறந்து சொல்வது. வேறு எப்படி?

நீ சொன்னபடியே மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் ஐப்பசி மழை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், சுவரே வியர்த்தது. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் விளக்கின் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஜெகன் பள்ளிக் குழுவோடு பேச்சுப் போட்டிக்கு ஈப்போ போய்விட்டான். போனவன் உங்களுக்கு ஒரு தொலைபேசி எண்கூடத் தரவில்லை, கேட்கவும் உங்களுக்குத் தோன்றவில்லை. அப்போது ஒரு மத்தியானம் தேவா மோட்டார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உன் முன்னால் நின்றான். லதா பக்கத்தில் நின்றாள்.

"கோமதி, கடக்காரண்ணன்கிட்ட போய் சொல்லிருவோம். பாதிதான் வரும், தங்கம் கெடையாதுன்னு. அவரு நல்ல மனுசன்தான். நீ ஒரு வார்த்த சொல்லு, நான் இப்பவே போறேன்."

உனக்கும் அதுதான் சரி என்று தெரியும். முந்தின நாள் என்னிடமே அப்படித்தான் சொன்னாய். ஆனால் அவர்களிடம் என்ன சொன்னாய்? "ஜெகன் வரட்டும். வாக்கு குடுத்தது அவன். நாம போய் மாத்தினா அவனுக்கு மரியாதையா இருக்காது."

தேவா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். லதா ஒட்டிப்போன அட்டைகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் பின்வாசலுக்குப் போய் ஏற்கெனவே துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். கோமதி, எங்கள் வார்டில் நோயாளிக்கு மூச்சுத் திணறினால், டாக்டர் வரட்டும், அவர் மரியாதை என்ன ஆவது என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, டாக்டர் வந்ததும் செய்ததைச் சொல்வோம். அவர் கத்தினால் கத்தட்டும்.

கடைக்காரர் சொன்ன தேதி வரை காத்திருந்தார். மறுநாள் தட்டை வேறு அட்டைகளால் நிரப்பிவிட்டார். ஜெகன் ஈப்போவிலிருந்து திரும்பியதும் நேரே அங்கே ஓடினான். "தம்பி, முந்தியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இருக்கிறதக் குடுன்னு வாங்கியிருப்பேன் லா. இப்ப எடமே இல்லயே," என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னாராம். நம் ஹாலில் பெட்டி பெட்டியாக அட்டை. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. தீபாவளி முடிந்த மறுநாள் தீபாவளி அட்டைக்கு என்ன மதிப்பு? இரண்டு மாத உழைப்பு அத்தனையும் அடுப்பு மூட்டத்தான் ஆகும்.

அன்று நடந்த கூட்டத்தில் ஜெகனுக்கு முகம் செத்துப் போயிருந்தது. பயந்த பிள்ளை, யார் மேலாவது பழியைப் போட வேண்டுமே. "செக்ரட்டரி ஏன் எனக்குத் தகவல் சொல்லல?" என்றான். அதற்கு நீ, என் மகள், தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான். சாரி," என்றாய்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போவாத. அது அவுங்க கம்பெனி," என்றார். அந்த மனிதருக்குச் சில நேரங்களில் அறிவு வேலை செய்யும்.

நான் போயிருந்தால் லதா பேசியிருக்க மாட்டாள். அவள் எழுந்து நின்றாள். "இல்ல. தப்பு நம்ம எல்லாரோடதும். வேல தெரிஞ்சவள எழுத ஒக்கார வெச்சோம். இன்னிலேர்ந்து கோமதிதான் தலைவர். சரின்னா கை தூக்குங்க. இல்லன்னா நான் ஜெஞ்சாரோம் பஸ்ஸுக்குப் போறேன்." சொல்லிவிட்டுத் தன் கையை முதலில் தூக்கினாள். அது ஆடிக்கொண்டே இருந்ததை அடுப்படிக் கதவு இடுக்கில் பார்த்தேன். தேவா தூக்கினான். அந்த மூன்று பேரும் தூக்கினார்கள். கடைசியில் ஜெகனும் தூக்கினான், தலையிலிருந்து அரிசி மூட்டையை இறக்கியவன்போல ஒரு பெருமூச்சோடு. நீ மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் அடுத்து நடந்ததுதான், நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து எரிச்சல்படுவதற்குக் காரணம். உனக்கு வராது என்றால் விட்டுவிடலாமே! உனக்கு வந்தது, எவ்வளவு நன்றாக வந்தது! அன்று சாயங்காலமே பேச்சைக் குறைத்தாய். தங்கச் சாயம் வேண்டாம், இருக்கிற அட்டையை விற்போம் என்றாய். சட்டம் கழுவ முறை வைத்தாய், முதல் முறை ஜெகனுக்கு. அவனும் சத்தமில்லாமல் போய்க் கழுவினான். பிறகு அவனைக் கிள்ளான் பஸ் நிலையத்தில் ஒரு மேசை போட்டு நிறுத்தினாய். அடடா, அந்தப் பிள்ளைக்கு ஏற்ற இடம் அதுதான்! வேலை விட்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "அண்ணே, நம்ம ஊர்ல, நம்ம பிள்ளைங்க செஞ்ச தமிழ் அட்டை" என்று பேசிப் பேசியே அவன் பெட்டிகளைக் காலி செய்தான். கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுக்க விட்டால் ஆபத்தானவன், மேசைக்குப் பின்னால் நிற்க வைத்தால் தங்கம். ஆளைத் தெரிந்து வேலை கொடுப்பது என்றால் அதுதான். யார் கற்றுக்கொடுத்தது உனக்கு?

சம்பள நாளன்று நீயும் தேவாவும் கேரி தீவுத் தோட்டத்துக்குப் போனீர்கள். அங்கே நடந்ததைத் தேவாதான் பிறகு வந்து சொன்னான். ஓர் அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள நாலு வரி எழுதித் தருவியாம்மா? மவன் கோலாலம்பூர்ல லோரி ஓட்டுறான், தீவாளிக்கு லீவு கெடைக்கலயாம்," என்று கேட்டாராம். நீ தோட்டத்துக் கடைப் படியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாயாம். அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார், அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. அப்போது நீ யாரையும் கேட்கவில்லை. "தேவா, ஜெஞ்சாரோம் போய் லதாவக் கூட்டிட்டு வா. பேனா எடுத்துட்டு வரச் சொல்லு. ஓடு," என்றாயாம். "ஆன்டி, கோமதி என்னை அதட்டுறா ஆன்டி," என்று தேவா சிரித்தான். "ஆனா நல்லா இருக்கு." லதா வந்து அவரவர் அட்டையில் பெயரைச் சுற்றிப் பூவும் கொடியும் வரைந்து கொடுத்தாள். தீபாவளிக்கு முந்தின நாள் நம் ஹாலில் அப்பா நிமிர்ந்து நடந்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்பப் போகிறேன்?

பள்ளிப் பரிசளிப்பு நாள் வந்தது. உங்கள் குழுவுக்குத்தான் முதல் பரிசு. நான் விடுப்பு எடுத்து, பட்டுப் புடவை கட்டி, அப்பாவும் வேலையை மாற்றிக்கொண்டு, மண்டபத்தில் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். "குழுவின் தலைவர் மேடைக்கு வரவும்" என்று மைக்கில் அழைத்தார்கள். லதா உன் பக்கம் திரும்பி அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள். நீ என்ன செய்தாய்? ஜெகனின் முதுகில் கை வைத்துத் தள்ளினாய். அவன் தலையை ஆட்டினான். நீ மறுபடி தள்ளினாய். "நீ போ. உனக்குத்தான் பேச வரும்." அவ்வளவு தூரத்திலிருந்தும் உன் உதடு சொன்னது எனக்குத் தெரிந்தது. அவன் போனான், நன்றாகத்தான் பேசினான், உன் பெயரையும் சொன்னான். லதாவின் கைதட்டல் பாதியில் நின்றது. என் பக்கத்தில் இருந்த அம்மா, "அந்தப் பையன்தான் எல்லாம் செஞ்சானா? கெட்டிக்காரப் புள்ள," என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் ஜெகன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். நீ குளித்துக்கொண்டிருந்தாய். "ஆன்டி, இது இங்கதான் இருக்கணும். நான் அவளத்தான் போகச் சொன்னேன். கேக்க மாட்டேங்கிறா. நான் என்ன செய்யட்டும்?" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டான். அவனை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தேன். அன்றோடு அவன் மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது. பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் நாற்காலியைப் பிடுங்குவதில்லை. உன்னைப் போன்றவர்கள் பிடித்து உட்கார வைக்கிறீர்கள், உட்கார்ந்தபின் பழகிப்போகிறது.

இதை அடக்கம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் அத்தைமார்களும் அப்படித்தான் மெச்சுகிறார்கள், கோமதி எவ்வளவு அமரிக்கையான பெண் என்று. இது என்னிடமிருந்து வந்தது என்கிறார் உன் அப்பா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தலைமையில் இல்லாதவளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேலை நன்றாக முடிந்தால் மனதுக்குள் சந்தோஷப்படலாம், கெட்டுப்போனால் தலைவர்தானே என்று ஒதுங்கலாம். ஆனால் நீ ஒதுங்குவதும் இல்லையே! கெட்டுப்போனால் "என் தப்புதான்" என்கிறாய், நன்றாக வந்தால் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிடுகிறாய். இது எந்த ஊர் நியாயம்?

சுரேஷுக்குப் பேச வருமென்றால் வாடிக்கையாளரிடம் அவன் பேசட்டும். அது ஒரு வேலை, நல்ல வேலை, அதை அவனுக்குக் கொடு. எதை ஒப்புக்கொள்வது, எதை முடியாதென்று சொல்வது, மூவருக்கும் ஒத்துவராத நாளில் யார் சொல்வது கடைசி வார்த்தை, இது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. ஃபாத்திமா என்ன நினைக்கிறாள் என்று கேட்டாயா? அந்தப் பதவி வேண்டுமென்று சுரேஷாவது கேட்டானா? ஜெகன் கேட்கவில்லை, நினைவிருக்கிறதா?

இவ்வளவு கோபம் ஏன் இந்த வாரம் வந்தது என்று நீ கேட்கலாம். போன வியாழக்கிழமை கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, "ஆன்டி" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் லதா. எத்தனை வருடமாயிற்று! பரிசளிப்புக்குப் பிறகு அந்தப் பெண் நம் வீட்டுப் படி ஏறவே இல்லை. படிப்பு, வேலை என்று நீ ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தாய். இப்போது ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வரைகிறாளாம். கோமதி என்ன செய்கிறாள் என்றாள். சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று, உன் வாயிலிருந்து அதுவரை அரைகுறையாக விழுந்ததை வைத்துச் சொன்னேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"படம் வரைய ஆள் வேணுமா ஆன்டி? அவ கம்பெனின்னா இந்த வேலய விட்டுட்டு வந்துருவேன்."

"வாயேம்மா, அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்," என்றேன்.

கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு ஒங்க வீட்ல எந்திரிச்சு நின்னேனே ஆன்டி, எனக்கு எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா? எங்க வீட்லகூட நான் அப்படிப் பேசினதில்ல. அவ அத அப்படியே எடுத்து ஜெகன்கிட்டக் குடுத்துட்டா. அன்னிக்கு நான் ஜெகனுக்குக் கை தூக்கல ஆன்டி."

மீன்காரர் என் மீனை வெட்டி முடித்து, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. நீ நாற்காலியைத் தள்ளிவிட்டபோது அது உன்னுடையதாக மட்டும் இருக்கவில்லை, கோமதி. நடுங்கிக்கொண்டு எழுந்து நின்ற ஒரு பெண்ணின் வார்த்தையையும் சேர்த்துத் தள்ளிவிட்டாய். அவள் உன் தோழமையே வேண்டாமென்று இத்தனை வருடம் ஒதுங்கிப் போனாள். உனக்கு அது தெரியவுமில்லை, எனக்கும் தெரியவில்லை.

"இப்ப அவதானே ஆன்டி தலைவர்?" என்று கேட்டாள். "ஆமா, வேற யாரு?" என்றேன், சந்தேகமே இல்லாமல். அவ்வளவு பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு சுரேஷ் என்கிறாய்!

நீ தங்கியிருக்கும் அறையின் முகவரியை அன்றே அவளுக்குக் கொடுத்தேன். வரும் வெள்ளிக்கிழமை, உன் கையெழுத்துக்கு முந்தின நாள், வேலை முடிந்து ரயிலேறி உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். நான் சொன்னது உண்மையா என்று உன்னிடமே கேட்பாள், எனக்குத் தெரியும். நான் சமாளித்துச் சொல்லவும் மாட்டேன், முன்கூட்டி அவளைத் தடுக்கவும் மாட்டேன். நீயே பதில் சொல். ஒன்றே ஒன்று. அவள் கேட்கும்போது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே.

கோபம் இன்னும் ஆறாமல்,
அம்மா